தபலாவின் வாயை அடைத்த கம்பளி

புனேயில், வாகட்டில் எங்கள் ஃபிளாட்டின் பால்கனிக் கதவருகே வட்டமாக வெட்டிய ஒரு பழுப்புக் கம்பளித் துண்டு கிடக்கிறது. ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம் இருக்கும். ஓரமெல்லாம் பிரிந்து நூல் நூலாகத் தொங்குகிறது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே வரும்போது நான் அதில்தான் காலைத் துடைக்கிறேன். கடையில் விதவிதமாகக் கால்மிதி கிடைக்கும்போது இந்தக் கந்தலை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று என் மனைவி கேட்காத வாரம் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டால் அவளே முந்திக்கொண்டு, "டிராமால தபலா வாசிச்சப்போ குடுத்ததாம். ஞாபகார்த்தமா வெச்சிருக்கார்" என்று சொல்லிவிடுவாள். ஞாபகார்த்தம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்தவர்கள் முன்னால் சத்தம் போட வேண்டாம் என்று எழுந்து உள்ளே போய்விடுவேன்.

நான் கட்கியில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மராத்தியும் இந்தியும். பின்னாளில் எனக்கு ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. வார நாட்களில் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமையானால் மராத்தி சங்கீத நாடகத்துக்குத் தபலா வாசிக்கப் போய்விடுவேன். தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கி இரண்டாயிரத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் இப்படி ஓடியது. மேடைக்கு முன்னால் இடுப்பளவு ஆழத்தில் ஒரு பள்ளம். அதன் ஒரு முனையில் காலால் மிதித்துக் காற்றடிக்கும் ஆர்கன், மறு முனையில் நான். மேடையில் நிற்கிற நடிகர்கள் வசனமும் பேச வேண்டும், பாட்டும் சொந்தக் குரலில் பாட வேண்டும். அந்த நாடகத்தின் மானமே அதில்தான் இருந்தது. பாட்டுப் பிடித்துவிட்டால் சனங்கள் "வன்ஸ் மோர்" என்று கூவுவார்கள். கதையில் ராணி அப்போது செத்துக்கொண்டிருந்தாலும் சரி, எழுந்து கைகூப்பிவிட்டு மறுபடியும் பாடிவிட்டுத்தான் சாக வேண்டும். முதல் தடவை பாடியதையே திருப்பிப் பாடினால் அது வன்ஸ் மோர் ஆகாது. அதே வரியை வேறு வழியில் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறார்கள்.

எங்கள் கம்பெனியின் கதாநாயகியை எல்லோரும் தாயி என்று கூப்பிடுவார்கள். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். அவர் மராத்திக்காரர் என்றே நானும் நினைத்திருந்தேன். முதல் ஒத்திகையில் ஓர் இடத்தில் அவர் இழுத்து நிறுத்த, நான் பாட்டுக்குத் தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து இறங்கிவிட்டேன். பாடுவதை நிறுத்திவிட்டு மேடை விளிம்புக்கு வந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி மராத்தியில் மரியாதையாக ஏதோ சொன்னார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "எங்கடா பராக்குப் பாத்துட்டிருக்க? என் கையப் பாக்காத, காலப் பாக்காத. வாயப் பாருடா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விசாரித்தால் அவரும் கட்கிதான். ஆற்காட்டுப் பக்கத்துக் குடும்பம், அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். கம்பெனியை நடத்திய பெரிய நடிகரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, பிறந்த வீட்டோடு போக்குவரத்து அற்றுப்போய், தமிழ் பேச ஆளில்லாமல் இருந்தவர். அன்று முதல் சபையில் தாயி, தனியாக இருந்தால் அக்கா.

அவர் வாயைப் பார்த்துத்தான் நான் வருடக்கணக்காக வாசித்தேன். பள்ளத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு அதைவிட நல்ல தாளக்குறிப்பு கிடையாது. மூச்சு வாங்குவதற்கு முன்னால் கீழுதடு இடது பக்கமாக லேசாக ஒதுங்கும். இழுக்கப்போகிறார் என்று அர்த்தம். உதடு ஒட்டினால் அடுத்த அட்சரத்தில் வந்து சேர்ந்துவிடுவார். அப்போதே என் விரல் போய் அங்கே காத்திருக்கும். நடுநடுவே, சபைக்கு முதுகைக் காட்டி நிற்கிற காட்சிகளில், பக்கவாட்டில் திரும்பித் தமிழில் ஏதாவது முனகுவார். "முன் வரிசையில ஒருத்தன் தூங்குறான் பாரு, அவன் காதுல ஒரு தட்டு தட்டேண்டா." ராணியின் சோகக் காட்சியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு தபலா வாசிப்பது எத்தனை கஷ்டம் என்று வாசித்தவனுக்குத்தான் தெரியும்.

அக்காவின் கணவர் இறந்த பிறகு கம்பெனி அந்தக் கணவரின் தம்பி கைக்குப் போனது. அவரை நாங்கள் மாலக் என்போம், முதலாளி என்று பொருள். மாலக்குக்குப் பாட்டும் தெரியாது, நடிப்பும் தெரியாது. ஆனால் எல்லாவற்றையும் பற்றிப் பேசத் தெரியும். அக்காவின் குரல் வயதோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. முன்பு ஐந்தரைக் கட்டையில் பாடியவர் நாலு கட்டைக்கு வந்துவிட்டார். கனமும் ஒரு சொரசொரப்பும் சேர்ந்துவிட்டன. என்னைக் கேட்டால், அந்த ராணி வேஷத்துக்கு அப்போதுதான் குரல் வந்து பொருந்தியது என்பேன். புருஷனையும் நாட்டையும் தொலைத்தவள் குயில் மாதிரியா பாடுவாள்? ஆனால் மாலக் அதைக் "குரல் போய்விட்டது" என்றார். ஒரு வருடம் இதையே சொல்லிச் சொல்லிக் கம்பெனி முழுவதையும் நம்பவைத்தார்.

பிறகு ஒரு நாள் ஒத்திகைக் கூடத்தில் ஒரு சிடியைக் கொண்டுவந்து போட்டார். எங்கள் நாடகத்தின் பாட்டுகள்தான், ஆனால் பாடியது வேறு யாரோ ஒரு சின்னப் பெண். நல்ல குரல், நல்ல பயிற்சி. அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கேசட்டாக வெளியிடப்போகிறோம் என்று சொல்லித்தான் அவளை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போயிருக்கிறார். இனிமேல் பாட்டு சிடியில் ஓடும், வஹினி வாயை மட்டும் அசைத்தால் போதும் என்றார் மாலக். வஹினி என்றால் அண்ணி. ஆர்கனும் தபலாவும் பள்ளத்தில் வழக்கம்போல இருக்கும், ஏனென்றால் புனே ரசிகர்களுக்கு அவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். சத்தம் மட்டும் வரக்கூடாது. இதைச் சொல்லிவிட்டு, பழைய ராணுவக் கம்பளி ஒன்றை வெட்டிச் செய்த இரண்டு வட்டங்களை என் மடியில் போட்டார். சின்னது தபலாவுக்கு, பெரியது இடது கையால் வாசிக்கிற டக்காவுக்கு. தோலின் மேல் பரப்பிவிட்டு வாசிக்கிற மாதிரி கையை ஆட்ட வேண்டுமாம். இருபது வருஷம் பழகிய கையைப் பார்த்து ஒரு மனிதன் இப்படிச் சொல்கிறான், நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆர்கன் வாசிக்கிறவர், பேச்சே இல்லாத மனிதர், எழுந்து வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார்.

அக்கா மறுப்பார் என்று நினைத்தேன். அவர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தச் சின்னப் பெண்ணுக்கே ராணி வேஷத்தைக் கொடுத்துவிடுவதாக மாலக் சொல்லியிருந்தார். மேக்கப் அறைக்குப் போய் நான் கத்தினேன். அவர் கண்ணாடியைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டே, "நான் எங்கடா போவேன்? கட்கிக்கா? அங்க எனக்கு யாரு கதவத் தொறப்பா? மேடைய விட்டா எனக்கு வீடு கிடையாதுடா. வெளியில யார்கிட்டயும் மூச்சு விடாத, என் மேல ஆணை" என்றார். ஆணைக்குக் கட்டுப்பட்டேன். ஆனால் ஒன்று செய்தேன். ஒவ்வொரு நாடகத்துக்கு முன்னாலும் பள்ளத்தில் உட்கார்ந்து, சுத்தியலால் தட்டித் தட்டித் தபலாவை நாலு கட்டைக்குச் சுதி சேர்த்தேன். சிடி ஐந்தரைக் கட்டையில் ஓடும், என் தபலா கம்பளிக்கு அடியில் அக்காவின் சுதியில் கிடக்கும். மாலக் ஒரு தடவை எட்டிப் பார்த்து, மூடிவைக்கப் போகிற தபலாவுக்குச் சுதி எதற்கு என்று கேட்டுச் சிரித்தார். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். அக்கா பக்கத் திரைக்குப் பின்னால் நின்று அந்தத் தட்டலைக் கேட்பார் என்பது எனக்குத் தெரியும்.

இந்தக் கூத்தின் உச்சம் வன்ஸ் மோர்தான். சிடியில் பாடினால் மறுபடி எப்படிப் பாடுவது? மாலக் அதற்கும் வழி வைத்திருந்தார். வன்ஸ் மோரையும் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டார்! முதலில் பாட்டு, அடுத்த டிராக்கில் அதே பாட்டு கொஞ்சம் சங்கதிகள் மாற்றி, அதற்கடுத்த டிராக்கில் அடுத்த காட்சிக்கான இடி முழக்கம். பாட்டு முடிந்ததும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற இவருடைய ஆள் ஒருவன் "வன்ஸ் மோர்" என்று கத்துவான், நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள், அக்கா கைகூப்புவார், சவுண்டுக்காரர் பொத்தானை அழுத்துவார். ரசிகன் எத்தனை தடவை ரசிக்க வேண்டும் என்பதை ஸ்டுடியோவிலேயே முடிவு செய்துகொண்டு வந்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அந்தச் சீசனில் ஒரு ஞாயிறு. அரங்கம் நிறைந்திருந்தது. ராணியின் முக்கியமான பாட்டு முடிந்தது, வன்ஸ் மோர் வந்தது, இரண்டாவது டிராக்கும் ஓடி முடிந்தது. அக்கா அடுத்த வசனத்துக்குத் திரும்பினார். அப்போது நடு வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, இன்னொரு தரம், கடைசி வரியை மட்டும், என்று கேட்டார். அவர் மாலக்கின் ஆள் இல்லை, நிஜமான ரசிகர். அரங்கம் முழுவதும் அவரோடு சேர்ந்துகொண்டது. மேடை விதிப்படி மறுக்க முடியாது. அக்கா கைகூப்பினார். சவுண்டுக்காரர் அவசரத்தில் பொத்தானை அழுத்த, அடுத்த டிராக் ஓடியது. இடி இடித்தது. ராணி நிலா வெளிச்சத்தில் நின்றுகொண்டிருக்கிறாள், வானம் பிளக்கிற மாதிரி இடி. யாரோ சிரித்தார்கள். சட்டென்று இடியும் நின்றது. அக்கா மெதுவாக நடந்து மேடை விளிம்புக்கு வந்தார். சபையைப் பார்த்துப் புன்னகைத்தபடியே, உதடு அதிகம் அசையாமல் சொன்னார்.

"துணிய எடுடா."

நான் இரண்டு துண்டுகளையும் உருவித் தரையில் எறிந்தேன். ஆர்கன்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் கையைப் பார்த்தார். மறுகணம் அவர் கால் துருத்தியை மிதித்தது, நாலு கட்டையில் சுதி எழுந்தது. என் தபலா அதில் போய் உட்கார்ந்தது. அக்கா பாடினார். கீழுதடு இடது பக்கம் ஒதுங்கியது, நான் காத்திருந்தேன். பெரியவர் கேட்ட கடைசி வரியை எடுத்து, முதலில் சொல்லைப் போலச் சொன்னார், பிறகு கேள்வியைப் போல, பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் வராது என்று தெரிந்தவளைப் போல. ஓரிடத்தில் குரல் கீறியது. அந்தக் கீறலை அவர் மறைக்கவில்லை, அதன் மேலேயே நின்றார். நான் அவ்வளவு நன்றாக முன்பும் வாசித்ததில்லை, பின்பும் வாசித்ததில்லை. பக்கத் திரை ஓரம் மாலக் தலையில் கைவைத்து நிற்பது தெரிந்தது. நிற்கட்டும் என்று இருந்தது.

கைதட்டினார்கள். ஆனால் முதல் இரண்டு தடவை தட்டிய தட்டல் இல்லை, போனால் போகிறது என்று தட்டுகிற தட்டல். இடைவேளையில் பட்டாட்டா வடைக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர், பட்டும் பவுடருமாக, சங்கீதம் தெரிந்த முகங்கள். முதல் இரண்டு தடவை என்ன குரல், தேன், என்றார் ஒருவர். மூன்றாவது தடவை பாவம் களைத்துவிட்டாள், வயதாகிவிட்டது, நிறுத்திக்கொள்ள வேண்டும், என்றார் மற்றவர். வடையைத் தூக்கி அவர்கள் தலையில் அடித்திருக்க வேண்டும். நேராக மேக்கப் அறைக்கு ஓடினேன். அங்கே மாலக் ஏற்கனவே இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்: பார்த்தீர்களா வஹினி, சனங்களே சொல்கிறார்கள், நானா சொல்கிறேன்? அவர் போனதும் நான், "அக்கா, மேடையில போய் உண்மையச் சொல்லுங்க. அது என் குரலே இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபத்தில் முகத்துப் பூச்சுக்கு அடியில் சிவப்பு ஏறியிருந்தது. "நான் ஏண்டா சொல்லணும்? இத்தன வருஷம் கேட்டவங்களுக்கு ஒரு குரல் தெரியலன்னா அது அவங்க காது. அதுக்கு நான் சாட்சி சொல்லிட்டு நிக்கணுமா? பெல் அடிக்கிறான், போய் உக்காரு. வாயப் பாரு."

போய் உட்கார்ந்தேன். கம்பளியைத் திரும்ப விரிக்கவில்லை, ஆனால் கையைத் தூக்கவும் இல்லை. இரண்டாம் பாதியில் ராணி பிரிந்து போகிற பாட்டு. சிடி ஓடத் தொடங்கியது. அக்கா மேடையின் நடுவிலிருந்து விளிம்புவரை வந்து நின்றார். நான் வாயைப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது. ஒதுங்கவில்லை, நடுங்கவில்லை, ஒட்டிய உதடுகள் ஒட்டியபடியே இருந்தன. அந்தச் சின்னப் பெண்ணின் குரல் தேனாக வழிந்து அரங்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. அக்கா கைகளைத் தொங்கவிட்டு, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பல்லவி முடிந்தது. சனங்களுக்குப் புரியத் தொடங்கியது. முணுமுணுப்பு எழுந்தது. அவர் அசையவில்லை. மாலக் கத்தினார், திரை விழுந்தது. திரைக்கு உள்ளே இன்னும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

அதோடு மாலக்கின் கதை முடிந்தது என்று நினைத்தேன். அந்த மனிதரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. திரைக்கு முன்னால் வந்தார், கைகூப்பினார், குரல் தழுதழுக்கப் பேசினார். தாயிக்குத் தொண்டையில் கடுமையான நோய். ரசிகர்களை ஏமாற்ற மனமில்லாமல், அவர் நன்றாக இருந்த நாட்களில் பாடிவைத்த பதிவையே ஒலிக்கவிட்டோம். நீங்கள் கேட்ட குரல் தாயியின் குரல்தான், அவருடைய பழைய பொற்காலக் குரல். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பள்ளத்துக்குள்ளிருந்து நான் அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து மேடைப் படியில் கால் வைத்தபோது ஆர்கன்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் திமிறிக்கொண்டு மேலே போவதற்குள் அரங்கத்தின் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள், சனங்கள் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். தரையில் கிடந்த இரண்டு கம்பளி வட்டங்களையும் பையில் திணித்துக்கொண்டு வெளியேறினேன். அதன் பிறகு அந்தக் கம்பெனிப் பக்கம் போகவில்லை.

அக்காவும் போகவில்லை. கராடிப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். நான் போனால் டீ போட்டுக் கொடுப்பார், தமிழிலேயே பேசுவோம். பாடச் சொன்னால், "சோட் டா, விட்டுத்தள்ளு, அதெல்லாம் முடிஞ்ச கத" என்பார். ஒரு டேப் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், அதைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார். மெஷினைக் கண்டாலே அவருக்கு ஆகாமல் போயிருந்தது. அதற்கு யார் காரணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சில வருடங்களில் போய்ச் சேர்ந்தார். மாலக் இரங்கல் கூட்டம் வைத்தார், வேறு யார் வைப்பார்கள்? அதே அரங்கம். மேடையில் அக்காவின் பெரிய படம், மாலை, ஊதுபத்தி. பெரிய மனிதர்கள் பேசினார்கள். கடைசியில் மாலக் எழுந்து, இனி தாயியே உங்களோடு பேசுவார் என்று சொல்லிக் கையை உயர்த்தினார். ஒலிபெருக்கியில் அந்தச் சின்னப் பெண்ணின் குரல் எழுந்தது. ஐந்தரைக் கட்டை. அக்காவின் படத்துக்கு மேலே யாரோ ஒருத்தியின் பாட்டு. முந்நூறு பேர் தலைகுனிந்து கண்ணீர் விட்டார்கள். பாட்டு முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு நடுங்கிய குரல், வன்ஸ் மோர், என்றது. மாலக் தலையசைத்தார். இரண்டாவது டிராக் தொடங்கியது.

நான் எழுந்து நின்று, இது அவர் குரல் இல்லை என்று மராத்தியில் கத்தினேன். திரும்பிப் பார்த்தார்கள். அடக்கிக்கொள்ளுங்கள், எங்களுக்கும் துக்கம்தான், என்று பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டினார். இது அவர் குரல் இல்லை, இல்லை என்று இன்னும் உரக்கக் கத்தினேன். இரண்டு பேர் மரியாதையாக, மிகவும் மரியாதையாக, என்னைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று, தமிழில் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். அதைப் புரிந்துகொள்ள அந்த அரங்கத்தில் இருந்த ஒரே ஒருவர் படமாக உள்ளே இருந்தார்.

போன பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் கலை நிகழ்ச்சி வைத்தார்கள். ஐடி கம்பெனிப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். நல்ல பிள்ளைகள், பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பேசினார்கள். "அங்கிள், நீங்க ஸ்டேஜ்ல தபலாவோட உக்காந்தா நல்லா இருக்கும். டிராக் ஓடும் அங்கிள், நீங்க சும்மா கை வெச்சாப் போதும்." நான் போட்ட சத்தத்தில் எதிர் ஃபிளாட்டுக் கதவு திறந்தது. பிள்ளைகள் மிரண்டு ஓடிவிட்டார்கள். பால்கனிக்குப் போய்ச் செடிகளுக்கு ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினேன். திரும்பி வரும்போது மனைவி கதவருகே நின்றிருந்தாள். அந்தக் கம்பளித் துண்டைக் காலால் நகர்த்திவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பசங்க என்ன பண்ணுச்சுங்க பாவம்? இப்படி ரத்தம் கொதிக்கிறவரு, இதை எதுக்கு இன்னும் வீட்டுல வெச்சிருக்கீங்க?"

நான் அதை இழுத்துப் பழைய இடத்தில் போட்டேன். ஈரக்காலை அதன் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தேன்.

"மிதிக்கிறதுக்கு" என்றேன்.